சேலம், உடுமலை, தாராபுரம், ஊட்டி

“சேலம் போட்டாச்சுங்களா?”

“போட்டாச்சு கண்ணு.”

“அடுத்தது உடுமலை. அதுக்கடுத்து நம்மூரு. கடைசில ஊட்டி.”

சென்னியப்பன் ஒவ்வொரு ஊராகத் தேடி ஒற்றை விரலால் அமுக்கினார். எஸ், யு, டி, ஓ. கருப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. தாராபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர் அவர். இரைச்சலில் பெயர் புரியாதபோது ஆங்கில எழுத்துக்கு ஒரு ஊராகச் சொல்லிக் கேட்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். மகள் கோகிலவாணி சின்ன வயதில் எக்ஸ்சேஞ்ச் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், பெரிய கம்பெனியொன்றில் மென்பொருள் எழுதுகிறாள். அப்பாவுக்குக் கட்டளை சொல்லித்தர அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை.

“இந்த நாலு எழுத்து எதுக்கு எல்லா வரிக்கும் முன்னால?”

“அதப் போட்டாத்தான் மெஷின் உங்க பேச்சக் கேக்குமுங்கப்பா. இல்லீன்னா உனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிரும்.”

“உங்கம்மா மாதிரியா?”

“அம்மாகிட்ட நீங்க எத்தன எழுத்துப் போட்டிருந்தாலும் நடந்திருக்காதுங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மனைவி தங்கமணி இறந்த பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த மாலைகளில்தான்.

அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒரு மனிதர் குளியலறையில் விழுந்து, வாசலில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்த பிறகே ஊருக்குத் தெரியவந்தது. அந்தச் செய்தியை சென்னியப்பன் ஃபோனில் சாதாரணமாகத்தான் சொன்னார். கோகிலவாணி மறுநாளே முடிவு செய்துவிட்டாள். அவள் காலேஜில் படிக்கும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் மாடி அறையில் கிடந்தது. அதை ஹாலுக்கு இறக்கி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, அதன்மேல் ‘துணைவிழி’ என்ற கண்காணிப்பு மென்பொருளை ஏற்றுவது. இலவசமானது. படம் எந்தக் கம்பெனிக்கும் போகாது. வீட்டு மெஷினிலேயே இருக்கும். வாசலுக்கு ஒரு கேமரா, ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. படுக்கையறைக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

“நான் மட்டும் உங்களப் பாத்துட்டிருந்தா நல்லாவாங்கப்பா இருக்கும்? எங்க சாப்பாட்டு மேசைகிட்டயும் ஒண்ணு மாட்டறேன். நீங்களும் எங்களப் பாருங்க. தலைமை மெஷின் உங்களுதுதான். நீங்க சொல்றபடிதான் ரெண்டு பக்கமும் நடக்கும்.”

தினமும் மாலை ஆறரைக்கு ஃபோன் வரும். அங்கே ஒன்பது மணி. அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அவள் ஊர்ப் பெயர்களாகச் சொல்வாள், இவர் அமுக்குவார். மெஷின் எதையோ இறக்கிக்கொள்ளும். இறங்கும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பெர்த்தில் கடலுக்குப் பக்கத்தில் காக்கா இப்படிக் கத்தாது, குழந்தை அழுகிற மாதிரி கத்தும் என்பாள். சந்தையில் தக்காளி விற்கிற விலைக்கு அதை வைத்துப் பூசைதான் பண்ண வேண்டும் என்பார் இவர். சில நாள் வரியைச் சரியாக அடித்துவிட்டு, கடைசியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிவிடுவார். திரை முழுக்க என்னென்னவோ ஓடும்.

“என்னமோ திட்டுது கண்ணு.”

“என்ன சொல்லித் திட்டுதுன்னு படிங்க பாக்கலாம்.”

அதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்வதற்குள் இன்னும் கால் மணி நேரம் கிடைத்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு மாலையில் முடிக்கிற வேலை, அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது.

முடிகிற கட்டத்தில்தான் அந்த வசதியைப் பற்றிச் சொன்னாள்.

“மழ வந்தா நம்ம லைன் படுத்துக்குமில்லீங்களா, அப்பப் படம் அங்கங்க அந்துபோகும். விட்டுப்போன எடத்த இது தானே நிரப்பிக்குங்கப்பா.”

“எத வெச்சு நிரப்பும்?”

“மொத ரெண்டு வாரம் உங்களப் பாத்துப் பழகிக்கும். எப்ப எந்திரிக்கறீங்க, எங்க உக்கார்றீங்க, எப்படி நடக்கறீங்கன்னு. அப்பறம் ஒரு செகண்டு ரெண்டு செகண்டு விட்டுப்போனா அதுவே வரைஞ்சு ஒட்டிக்கும். ஒட்டுப் போட்டதே தெரியாது.”

“அப்ப நானில்லாமயே என்னைய நடக்க வெச்சுருமா?”

“ரெண்டு செகண்டுங்கப்பா. அதுக்குள்ள எங்க போயிருவீங்க?”

அன்றைக்கு மெஷின் ஒரு கேள்வி கேட்டு நின்றது. ‘நிரப்பும் நேர வரம்பு, விநாடிகளில்.’ அவர் அதைப் படித்துச் சொல்வதற்குள் பெர்த்தில் மாப்பிள்ளை நவநீதனின் குரல் கேட்டது. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “ஒரு நிமிஷங்கப்பா” என்று அவள் எழுந்து போனாள். நிமிஷம் நீண்டது. சென்னியப்பன் யோசித்தார். என்னை ஒன்றும் நிரப்ப வேண்டாம், இருக்கிறபடி தெரிந்தால் போதும். பூஜ்யத்தை அமுக்கினார். மெஷின் ஏற்றுக்கொண்டது.

அவள் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. குரல் கரகரத்திருந்தது. “முடிஞ்சுதுங்களா? சந்தோஷம். இனி நீங்க நிம்மதியா இருங்க. புது ஆளு யாராச்சும் வீட்டுக்குள்ள வந்தா எனக்கு மணியடிக்கும். உங்களக் கொஞ்ச நேரம் காணலைன்னாலும் அடிக்கும்.”

பழகிக்கொள்ளும் அந்த இரண்டு வாரமும் சென்னியப்பன் பெண் பார்க்க ஆட்கள் வருகிற வீட்டு மனிதரைப் போல நடந்துகொண்டார். கேமரா என்றால் அவருக்குப் போட்டோ ஸ்டூடியோதான். விடிந்ததும் சவரம், குளியல், தேய்த்த வெள்ளைச் சட்டை. வாசலில் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர். மேசையில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பாடு. மகள் பார்க்கிறாள், அப்பன் சீராக இருக்கிறான் என்று அவள் மனம் நிறையட்டும்.

அவரும் பார்த்தார். அவருக்கு விடியற்காலை ஐந்தரை மணி என்றால் அங்கே எட்டு. காப்பியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். மகளும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாப்பிள்ளை நீலச் சட்டை போட்டிருப்பார். அவள் ஏதோ சொல்லுவாள். அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டே சிரிப்பார்.

மாலை ஆறரை ஃபோன் மட்டும் நின்றுபோனது.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். தினமும்தான் பார்த்துக்கொள்கிறோமே, பேச என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் வரவரச் சுருங்கியது.

“எப்படி இருக்கீங்கப்பா?”

“நீதான் பாக்கறயே கண்ணு.”

“ம்.”

“மாப்ள சௌக்கியமா?”

“நீங்களுந்தான் பாக்கறீங்களேப்பா.”

“ஆமாமா.”

அதோடு ஃபோனை வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் சவரம் செய்யவில்லை. சோம்பல் பாதி, கணக்கு பாதி. ‘என்னப்பா தாடி?’ என்று அவள் கேட்பாள். கேட்டால் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஓட்டிவிடலாம். அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளைச் சட்டையையும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டார். லுங்கியோடு இருந்தார். மேசையில் உட்காராமல் அடுப்புப் பக்கம் நின்றபடியே முந்தின நாள் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார், நேராகச் சமையலறைக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. கேஸ் சிலிண்டர்காரர் உள்ளே வந்து மாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கும் பெர்த்திலிருந்து ஃபோன் வரவில்லை. மணியடித்திருக்கும், அவளுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டார். சில நாள் ஹாலில் தரையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். வாய் திறந்து ‘எனக்குத் தனியா இருக்க முடியல சாமி’ என்று சொல்ல அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாரும் அப்படியெல்லாம் சொல்லிப் பழகியதில்லை. பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அவள் பார்க்கிறாள்; புரிந்துகொள்ளவில்லை. அல்லது புரிந்தும் பேசாமல் இருக்கிறாள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. படுக்கையறையில் படுத்தால் தெரியாது என்று, பாயைக் கொண்டுவந்து ஹாலில் கேமராவுக்கு நேராகப் போட்டுப் படுத்தார். போர்வைக்குள்ளிருந்து ஃபோனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தங்கமணி வாங்கி வைத்திருந்த மாத்திரைப் பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்டதை விழுங்கினார். புதன் போனது, வியாழன் போனது. காய்ச்சல் தானாக இறங்கியது. ஃபோன் அடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடித்தது.

“எப்படி இருக்கீங்கப்பா?”

அவளே தொடர்ந்தாள். “கருவேப்பிலச் செடி நல்லாத் தழைஞ்சிருச்சாட்டங்க. எத்தன மழ வந்தாலும் நீங்க தண்ணி ஊத்தறத மட்டும் விடறதில்ல. புதன்கெழம கூடப் பாத்தேன். வெள்ளச் சட்டயோட நனைஞ்சுட்டு நிக்கறீங்க.”

“புதன்கெழமயா?”

“ஆமாங்கப்பா. ஏனுங்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

வாசலுக்குப் போய்ப் பார்த்தார். கறிவேப்பிலைச் செடி தொட்டியில் குச்சியாக நின்றது. காய்ந்து பல வாரம் ஆகியிருந்தது.

‘அங்கே அவளுக்கு என்ன தெரிகிறது’ என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. நிறுவிய நாட்களில் அவள் சொல்லிக்கொடுத்தது. சேலம், உடுமலை, தாராபுரம், ஊட்டி என்று ஆரம்பித்து அதை அடித்தார். புதன்கிழமையைத் தேடித் திறந்தார்.

திரையில் ஒரு மனிதர் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மழித்த முகம். சொம்போடு வாசலுக்குப் போய்ப் பச்சைப் பசேலென்ற செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே வந்து இலை போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பாய் விரித்திருந்த இடத்தில் வெறும் தரை பளபளத்தது. அந்த மனிதர் கேமராவைக் கடந்தபோது லேசாகப் புன்னகைத்தார். சென்னியப்பனுக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மகளுக்கு அப்பனாக இருக்க எல்லாத் தகுதியும் உள்ள மனிதர்.

உதவிப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தார். தொடர்பு அறும்போதும், கற்றுக்கொண்ட வழக்கத்தோடு படம் ஒத்துப்போகாதபோதும், வரம்புக்கு உட்பட்டு நிரப்பப்படும். வரம்பு பூஜ்யம் எனில் வரம்பில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரிசீவரை எடுத்துப் பூஜ்யத்தைச் சுழற்றினால்தான் வெளியூர்க் கதவு திறக்கும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். அவரே அதை ஒன்றுமில்லை என்று நினைத்து அமுக்கியிருக்கிறார். செடி காய்ந்தது வழக்கம் இல்லை. அதை எடுத்துவிட்டுப் பச்சைச் செடியை வைத்தது மெஷின். தாடி வழக்கம் இல்லை, மழித்தது. காய்ச்சல் வழக்கம் இல்லை. எழுப்பி நடமாட வைத்தது. சிலிண்டர்காரரை ஆளே வராததாக ஆக்கியது. அவள் பார்க்காமல் இல்லை. தினமும் ஆசையாகப் பார்த்திருக்கிறாள், இன்னொருவரை.

அதை ஒரு ஃபோனில் சொல்லிச் சிரித்துவிட்டு, பூஜ்யத்தை அழித்து இரண்டு என்று மாற்றினால் வேலை முடிந்தது. கை விசைப்பலகைக்குப் போனது; அங்கேயே நின்றது. ‘நீங்க சொல்றபடிதான் ரெண்டு பக்கமும் நடக்கும்’ என்று அவள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் பெர்த் படத்துக்கும் அதே பூஜ்யம்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குக் காப்பியோடு உட்கார்ந்தார். பெர்த்தில் மகளும் மாப்பிள்ளையும் எதிரெதிரே சாப்பிட்டார்கள். நீலச் சட்டை. அவள் ஏதோ சொன்னாள். அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டே சிரித்தார். சித்திரையில் சிரித்த அதே சிரிப்பு. சென்னியப்பன் நெடுநேரம் அந்த இரண்டு பேரையும் பார்த்தார். மாற்றாமல் விட்டால் இவர்கள் இப்படியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. பூஜ்யத்தை அழித்தார். இரண்டு. எண்டர்.

படம் ஒருமுறை நடுங்கியது.

மேசையில் ஒரே ஆள்தான் இருந்தது. எதிர் நாற்காலியில் துணி மடிக்காமல் குவிந்து கிடந்தது. கோகிலவாணி பழைய ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, தலை சீவாமல், தட்டு இல்லாமல் கையில் வைத்தே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். எதிரே தண்ணீர் பாட்டிலில் ஃபோனைச் சாய்த்து வைத்து அதைப் பார்த்தபடியே மென்றாள். ஃபோன் திரை சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தன் வீட்டு ஹாலை அவருக்கு அடையாளம் தெரிந்தது. மகள் தனியாக உட்கார்ந்து, வெள்ளைச் சட்டை அப்பாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாற்றம் அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் ஃபோன் அதிர்ந்தது. அவள் அதை எடுத்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். ரொட்டி கீழே விழுந்தது. எழுந்து நின்றாள். அடுத்த கணம் இங்கே அவருடைய ஃபோன் அடித்தது.

“அப்பா! எங்க இருக்கீங்க? வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்க. மெஷின் மணியடிக்குது. ஹால்ல உக்காந்திருக்கான். தாடியும் லுங்கியுமா ஒரு ஆளு. நீங்க ரூமை விட்டு வெளிய வராதீங்க.”

“கண்ணு.”

“மெதுவாப் பேசுங்கப்பா, அவனுக்குக் கேட்டுரும்.”

“கண்ணு, அது நாந்தான்.”

கேமராவைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். பெர்த்தில் அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்படியே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒரே நாள்ல எப்படிங்கப்பா இப்படி ஆனீங்க?”

பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னார். அந்தத் தொழிலிலேயே இருப்பவள். பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டாள்.

“அப்ப, நீங்க என்னையப் பாக்கவே இல்லீங்களா?”

“இப்பத்தான் பாக்கறேன் கண்ணு.”

“அவரு ஆடியிலயே என்னைய விட்டுட்டுத் தனியாப் போயிட்டாருங்கப்பா.” எதிரே குவிந்த துணியைப் பார்த்தாள். “எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சரி, அப்பாதான் தெனம் காலைல பாக்கறாரே, காலி நாற்காலியப் பாத்துட்டு அவரே கேக்கட்டும்னு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த கேக்கல. மாப்ள சௌக்கியமான்னு மட்டும் கேட்டீங்க. குத்திக் காட்டறீங்களோன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் உங்களுக்கு ஃபோன் போடவே பயமா இருந்துச்சு.”

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். நான் தாடி வளர்த்தது உனக்காகத்தான் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். அதை இன்னொரு நாள் சொல்லலாம்.

“அது என்ன சாப்புடறது, வெறும் ரொட்டியா?”

“ஆமாங்கப்பா. தொட்டுக்க ஒண்ணுமில்ல. நீங்க?”

“நேத்து ரசம் இருக்குது.”

“காலங்காத்தாலயா? ஒக்காந்தாச்சும் சாப்புடறீங்களா?”

“இல்ல. நின்னுட்டுத்தான்.”

“அட ஏனுங்கப்பா…” என்று ஆரம்பித்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டது, படம் திக்கித் திக்கி வந்தாலும், அவருக்கு அத்தனையும் தெரிந்தது.

“இந்தக் கருமத்த எடுத்தரலாமுங்கப்பா. வேண்டாம்.”

“எடுத்துட்டா எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா உனக்கு எப்படித் தெரியும்?”

“தெனம் கூப்புடறேன். நீங்க எடுக்கலீன்னா தெரிஞ்சுட்டுப் போகுது.”

“எடுக்கறதுக்கு எத்தன நாளாகும்? போடறப்ப ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே.”

“எடுக்கறதுக்கு ஒரே வரிதானுங்கப்பா. அர நிமிஷம்.”

“ஓ” என்றார். “அர நிமிஷந்தானா.”

அவர் முகம் வாடியதை ஹால் கேமரா உள்ளபடியே பெர்த்துக்கு அனுப்பியது. அவள் அதைப் பார்த்தாள்.

“வரி ஒண்ணுதான். ஆனா நெறைய எழுத்துங்கப்பா” என்றாள் கொஞ்சம் யோசித்து. “அவசரப்பட்டாத் தப்பாயிரும். கருப்புத் திரையத் தெறங்க. இன்னிக்கு ஒரு எழுத்து மட்டும் போதும்.”

“சொல்லு.”

“சேலம்.”

அவர் ஒற்றை விரலால் அமுக்கினார். “போட்டாச்சு. அடுத்தது உடுமலைதான? எனக்கே தெரியும்.”

“தெரிஞ்சாலும் போடக்கூடாது. உடுமலைக்கு நாளைக்கு ஆறரைக்குத்தான் பஸ்ஸு.”

“சரி கண்ணு” என்றார்.

ஃபோனை வைத்த பிறகும் அவர் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அந்த ஒற்றை எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அடுத்த எழுத்துக்காக அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.